கணக்கெடுக்க வந்தவனுக்குச் சுரூபம் இல்லை

அநியாயம் நடந்தது என் அண்ணி மரிய கொறற்றிக்கு. பிள்ளை பெற்ற ஆறாம் நாள், தையல் காயாத உடம்போடு, இலங்கை அகதி முகாமின் பதிவு வரிசையில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்கெடுக்க வந்த சாரின் மேசைக்கு, அண்ணியின் நடையில் எழுபது காலடி. வரும்போது எண்ணினேன். என் நடையில் நாற்பதுகூட இருக்காது, சாரின் நடையில் இன்னும் குறையும். அதை அவர் நடந்திருக்கலாம். நடந்து வந்து, வாசல் சாக்கை விலக்கி, ஒரு தாய், ஒரு ஆண் பிள்ளை என்று எழுதிக்கொண்டு, அம்மா நீட்டும் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். காலையில் முகாம் தலைவர் மடுத்தீன் மாமா அதைத்தான் கேட்டார். நாற்பது வயது ஆளுக்கு முன்னால் அறுபது வயது ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். சார் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, “ஆள் நேர்ல வரணும்ங்க, பச்சப்பிள்ளைனாலும். ஒரு வீட்டுக்குப் போனா எல்லா வீட்டுக்கும் போகணும்ல” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிகிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஒரு குரல் உயர்த்தியிருப்பேன். அவர் மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். மழையோடு எப்படிச் சண்டை போடுவது. மாமா திரும்பி வந்து, “பிள்ளையள், சொல்லிப் பாத்தன், ஏலாதாம்” என்று செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அண்ணி எழுந்து சேலையைச் சரிசெய்தாள். அவள் எழுந்த விதத்தை நான் பார்த்தேன். முதலில் ஒரு கை சுவரில், பிறகு ஒரு கை கட்டில் விளிம்பில், பிறகு உதட்டைக் கடித்து, பிறகுதான் இடுப்பு.

இன்று டிசம்பர் இருபத்து மூன்று. நாளைக்கு நத்தார்ப் பூசை. நத்தார் என்பது அம்மாவின் சொல், மன்னார்ச் சொல். மதுரைக் கல்லூரியில் நான் கிறிஸ்துமஸ் என்பேன், முகாம் வாசலைத் தாண்டினால் நாக்கு தானாகவே நத்தாருக்கு மாறிக்கொள்ளும். பிள்ளை என் தோளில் சூடாகக் கிடக்கிறான். இரண்டு கிலோ எண்ணூறு என்று ஆசுபத்திரிச் சீட்டில் இருக்கிறது, தோளுக்கு அதைவிடக் கனக்கிறது, தூங்குகிற உயிருக்கு எப்போதும் கனம் அதிகம். “முப்பத்தொண்ணு” என்று மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற உதவியாளர் கூப்பிடுகிறார். எங்கள் குடும்ப எண் நாற்பத்து நான்கு. மாதம் ஒருமுறை இது நடக்கும். எண்ணைக் கூப்பிட்டால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் மேசை முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும், முகத்துக்கு ஒரு டிக். எங்கேயும் ஓடிப் போகாமல் இருக்கிறோமா என்று பார்க்கிறார்கள். எங்கே ஓடுவது. அண்ணா கோயம்புத்தூருக்குப் பெயின்ட் வேலைக்குப் போயிருக்கிறான், அதற்கும் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போயிருக்கிறான், அந்தச் சீட்டு அம்மாவின் உள்ளங்கையில் நான்காக மடிந்து வியர்வையில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த மாதம் வெறும் டிக் இல்லை. பழைய பதிவேடு நைந்துவிட்டதாம், புதிது எழுதுகிறார்கள். பெயர், வயது, சொந்த ஊர், வந்த நாள். பெயர் யூட் டிலக்சன் என்று அண்ணா போனில் சொல்லிவிட்டான். வயது ஆறு நாள். மூன்றாவது கட்டம்தான் என் சண்டை, சொந்த ஊர். அதற்காகத்தான் விடுதியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தேன். அதை இவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்னை வீட்டிலேயே வைத்துப் பூட்டியிருப்பாள்.

முகாமில் பிறந்த எந்தப் பிள்ளையிடமும் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பேசாலை என்று சொல்லும். மூன்று வயதுப் பிள்ளை சொல்லும். மன்னார்த் தீவின் கரையில் இருக்கிற அந்த ஊரை அது படத்தில்கூடப் பார்த்திருக்காது, ஆனால் மந்திரம் சொல்லிக் கொடுத்த நாக்கைப் போல, உன்னைப் படைத்தவர் யார், சர்வேசுரன், உன் ஊர் எது, பேசாலை. யாரும் சொல்லித் தந்ததில்லை, அப்படியே வாய்க்குள் வந்துவிடும். நானும் சொன்னேன். பதினேழு வயதில் கல்லூரி விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் அதையே எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று தோன்றவே இல்லை. அம்மாவும் இப்போது இல்லாத அப்பாவும் தொண்ணூறில் படகில் வந்தார்கள், நான் இரண்டாயிரத்து மூன்றில் மதுரைப் பெரிய ஆசுபத்திரியில் பிறந்தேன், பிறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது, இருந்தும் கை பேசாலை என்று எழுதிற்று, அதுவும் அழகான கையெழுத்தில். மூன்று வருஷம் கழித்து வேறு ஒரு விண்ணப்பத்தோடு ஒரு அலுவலகத்தில் போய் நின்றபோது அந்தக் கட்டம் எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்துகொண்டது. “நீ இங்க பிறக்கலையேம்மா” என்றார் மேசைக்குப் பின்னாலிருந்தவர். நான் சான்றிதழைக் காட்டினேன். அவர் விண்ணப்பத்தைக் காட்டினார். “உன் கையாலயே எழுதியிருக்க. நான் எதை நம்ப?” அன்றிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது. தாள் மனிதரைப் பார்த்து எழுதப்படுவதில்லை. ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாள் எழுதப்படுகிறது, அதைப் பார்த்து இன்னொன்று, கடைசியில் மனிதர்தான் தாளைப் பார்த்துத் தன்னை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவனுக்கு இன்று எழுதப்போவது முதல் தாள். இதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் எழுதும், அதைப் பார்த்துக் கல்லூரி எழுதும், இருபது வருஷம் கழித்து ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு ஆள், நான் எதை நம்ப என்று கேட்பார். சொல்ல வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று, யாரும் வராத வீடு, அதற்கு ஒரு சிவப்புக் கோடு.

சாரின் மேசைக்கு இடது பக்கம் எங்கள் கோயில், தகரக் கூரை, வாசலில் குடில். சிமெண்டுப் பை காகிதத்தைக் கசக்கிச் சாம்பல் வண்ணம் அடித்துப் பாறையாக்கியிருக்கிறார்கள். சிரட்டைகளில் முளைக்க வைத்த நெல் நாற்று பச்சையாகச் சுற்றி நிற்கிறது. அதற்கு மேல் பஞ்சைப் பிய்த்துத் தூவியிருக்கிறார்கள், பனியாம். மதுரைக்குத் தெற்கே பனி. போன வருஷம் பங்குச் சாமியார் லியோவிடம் இதைக் கேட்டேன். “பாலஸ்தீனத்துல பனி பெஞ்சாலும் பெஞ்சிருக்கும், உனக்கு என்னம்மா போச்சு” என்று சிரித்தார். பஞ்சு போனால் போகட்டும் சாமி, என் கேள்வி வேறு. மாதா இருக்கிறா, சூசையப்பர் இருக்கிறார், இடையர்கள் மூன்று பேர், அரசர்கள் மூன்று பேர், மாடு, கழுதை, ஒட்டகத்துக்குக்கூட இடம் கொடுத்திருக்கிறீர்கள். மாதாவையும் சூசையப்பரையும் பெத்லகேமுக்கு வரவழைத்தவன் எங்கே. சக்கரவர்த்தியின் கணக்கெடுப்புக்கு மேசை போட்டு, பேனா வைத்துக்கொண்டு, பெயரென்ன ஊரென்ன என்று கேட்டானே, அவனுக்கு ஏன் எந்தக் குடிலிலும் ஒரு சுரூபம் இல்லை. நிறைமாதக்காரி ஒருத்தி வீட்டில் கிடக்க வேண்டிய நாளில் மலைப்பாதையில் நடந்தாள் என்றால் சும்மா நடக்கவில்லை, ஆள் நேரில் வரணும் என்று ஒருவன் சொன்னதால் நடந்தாள். கதையே அங்கேதான் தொடங்குகிறது. நட்சத்திரம் பிறகு, வானத்துச் சம்மனசுகள் பிறகு, முதலில் ஒரு கட்டளையும் ஒரு பதிவேடும். சாமியார் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். “நீ சொல்றது சரிதான் எமிலின். ஆனா அவனையும் கொண்டாந்து வச்சா குடில்ல இடம் பத்தாதே” என்றார். அவன் எங்கே போனாலும் அவனுக்கு நாற்காலி வரும் சாமி என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், அன்று பிரசங்கத்தில் மறுபடியும் அழகான ஏழ்மை, தாழ்மையான தொழுவம், இனிய இரவு. எனக்குக் கோபம் வந்து நற்கருணை வாங்கும்போதுகூட அடங்கவில்லை. பிறகு அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபத்துக்காகத்தான் செய்தேன், கேள்விக்காகச் செய்யவில்லை.

“என்ன பிள்ளை எமி, வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கிறாய், செபமோ சண்டையோ?” முன்னால் நிற்கிற சலேத் அக்கா திரும்பிப் பார்க்கிறாள். நாற்பத்து மூன்றாம் எண், முகாமில் மீன் விற்கிறவள், நாக்கில் எப்போதும் உப்பு. இரண்டும்தான் அக்கா என்கிறேன். “அப்ப மாதா பாவம். எந்தக் காதால எதைக் கேக்கிறது.” பிறகு அண்ணியைப் பார்க்கிறாள், முகம் மாறுகிறது. “கொறற்றி, இதில இரு” என்று தன் மீன் கூடையைக் கவிழ்த்துப் போடுகிறாள். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். “நாறுமெண்டு பயமோ? கழுவினதடி.” அண்ணி லேசாகச் சிரிக்கிறாள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ வேண்டும், எழுவதுதான் வலி, அது எனக்குத் தெரிகிறது, சலேத் அக்காவுக்கும் தெரியும், மூன்று பெற்றவள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் நாற்காலி இருக்கிறது. அதில் சாரின் பை உட்கார்ந்திருக்கிறது. நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கி வந்தால் என்ன ஆகும். என்ன ஆகும் என்று தெரியாததுதான் எங்கள் வாழ்க்கை. ஒன்றும் ஆகாமலும் போகலாம். அல்லது அண்ணாவின் அனுமதிச் சீட்டு அடுத்த மாதம் கிடைக்காமல் போகலாம். அல்லது என் விடுதிக்கு ஒரு கடிதம் போகலாம். நாங்கள் எல்லாம் யோசித்து யோசித்து நிற்கப் பழகியவர்கள். போய்க் கேட்கிறேன். கேட்கத்தானே போகிறேன். பிள்ளையோடு நாலு எட்டு வைத்து, சார், தையல் போட்ட உடம்பு, அந்த நாற்காலி, என்கிறேன். சார் தலையைத் தூக்காமல் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். “எடுத்துக்கம்மா, இதுக்கென்ன.” இதுக்கென்ன. அவ்வளவு சுலபம். இவ்வளவு நேரம் பயந்ததற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது, வெட்கத்தோடு கோபமும் கூடுகிறது, கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் பெத்லகேமில் கணக்கெழுதிய ஆளும் இப்படித்தான் இருந்திருப்பான். கெட்டவன் இல்லை. வெயிலில் உட்கார்ந்து எழுதுகிற ஒருவன், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ, அன்றைக்குள் முடிக்க வேண்டிய பக்கங்கள் இத்தனை. அவன் பேனா ஒருமுறை கடவுளைத் தொட்டது, அவனுக்குத் தெரியாது.

அண்ணி நாற்காலியில் மெல்ல இறங்கி உட்கார்கிறாள். முப்பத்தாறு. வகுப்பில் ஒரு நாள் பேராசிரியர், நல்ல மனிதர், எனக்குப் புத்தகமெல்லாம் தருகிறவர், அந்தக் கணக்கெடுப்புக் கதைக்குச் சரித்திர ஆதாரம் பலவீனம் என்று சொன்னார். நான் முதுகலை வரலாறு படிக்கிறேன், ஆதாரம் என்றால் எனக்கும் மரியாதை உண்டு. வருஷங்கள் பொருந்தவில்லை, ஆளுநரின் காலம் பொருந்தவில்லை என்றார், சரி, பொருந்தாமல் போகட்டும் என்று எழுதிக்கொண்டேன். அடுத்து, “எந்த அரசாங்கமாவது ஒருத்தனை அவன் வாழற ஊர்ல எண்ணாம, தாத்தா ஊருக்குப் போய் நில்லுனு சொல்லுமா? நிர்வாகத்துக்கே ஒத்து வராத விஷயம்” என்றார். வகுப்பு சிரித்தது. நான் எழுந்தேன். சார், நான் இங்கே பிறந்தவள். என் அப்பாவின் அப்பா பிறந்த ஊரை வைத்துத்தான் என்னை எண்ணுகிறார்கள், மாதம் ஒருமுறை நேரில் வந்து நில் என்கிறார்கள், அதற்காகப் போன வாரம் உங்கள் வகுப்புக்கு நான் வரவில்லை, வருகைப் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள், இதுவும் ஒரு ஆதாரம்தான் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, அந்த வருகையைச் சரிசெய்துவிடுகிறேன் என்றார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. சரித்திரத்தில் அது நடந்ததா என்ற சண்டையை அவர்கள் போடட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கதையை முதலில் சொன்னவனுக்கு வரிசையில் நிற்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

அம்மா என் தோளிலிருந்து பிள்ளையின் முகத்துணியை விலக்கிப் பார்க்கிறாள், வெயில் படுகிறதா என்று. அவளிடமும் இந்தச் சண்டையைப் போட்டிருக்கிறேன். சர்வவல்லவருக்கு ஒரு சக்கரவர்த்தியின் பதிவேடு எதற்கு அம்மா, வேறு வழியில் வந்திருக்கக் கூடாதா, மேகத்திலிருந்து இறங்கியிருக்கக் கூடாதா, கணக்கில் ஏறாமல் வந்திருந்தால் அவரை யார் என்ன கேட்டிருக்க முடியும். அம்மா கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள். “கணக்கில ஏறத்தான் வந்தவர், பிள்ளை. மேல இருந்து எண்ணுறது லேசு. எண்ணுப்படுறது எப்படி எண்டு அவருக்குத் தெரிய வேணாமோ.” சண்டையைப் பாதியில் விட்டு நான் எழுந்து போனது அந்த ஒரு முறைதான். இப்போது வெயிலில் நிற்கும்போது அது மறுபடி மறுபடி வந்து முட்டுகிறது. எண்ணுகிறவர் ஒரு எண்ணாக ஆனார். ஒருவன் தலையைத் தூக்காமல் அவரைக் கடந்து அடுத்த பெயருக்குப் போனான். அதை நான் விசுவாசிக்கிறேன். பஞ்சுப் பனியை இல்லை, இனிய இரவை இல்லை, இதை விசுவாசிக்கிறேன், இந்த முகாமில் என்னைவிட யார் அதை நன்றாக விசுவாசிக்க முடியும் என்று திமிராகக்கூட நினைக்கிறேன். உடனே அதன் பின்னால் மற்றது வந்து நிற்கிறது, நான் கூப்பிடாமல், எப்போதும் போல. ஏரோது ராசாவின் ஆட்கள் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளைக் கொல்லத் தேடி வந்தார்களே, எந்த வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளை என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது. கதவு கதவாகத் தட்டினார்களா, இல்லை யாரோ ஒரு பதிவேட்டைத் திறந்து கொடுத்தார்களா. பிள்ளையின் பிடரியில் என் கை தானாக இறுகுகிறது. எழுதினால் ஒரு நாள் அதை வைத்துத் தேடி வருவார்கள். எழுதாவிட்டால் ஒரு நாள் நீ இல்லவே இல்லை என்பார்கள். எழுது, எழுதாதே, எழுது. முப்பத்தொன்பது என்கிறார்கள். நாற்பது. பிள்ளை முனகுகிறான், நான்தான் இறுக்கிவிட்டேன், இல்லையடா குஞ்சு, இல்லை.

பிறகு மாதாவும் சூசையப்பரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார்கள். அங்கே அவர்களுக்கு என்ன இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வரியில் போய் ஒரு வரியில் திரும்பி வந்துவிடுகிறார்கள். இடையில் அந்தப் பிள்ளை நடக்கப் பழகியிருக்கும், தெருவில் வேறு பிள்ளைகளின் பேச்சைப் பேசியிருக்கும், ஒரு எகிப்தியக் கிழவி நீ எந்த ஊருடா என்று கேட்டிருப்பாள், அவன் பெத்லகேம் என்று சொல்லியிருப்பான், பார்த்த ஞாபகமே இல்லாத ஊரை, எங்கள் பிள்ளைகளைப் போலவே. திரும்பி வந்து நாசரேத்தில் வளர்ந்தார், அதோடு நாசரேத்தூர்க்காரர் ஆகிவிட்டார். அந்த ஊரிலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று ஒருவன் நக்கலடித்தான். நான் அங்கே பிறக்கவில்லை ஐயா என்று அவர் ஒரு இடத்திலும் சொன்னதாக இல்லை. கடைசியில் சிலுவைக்கு மேலே ஒரு பலகை அடித்தார்கள், அரசாங்கம் அவரைப் பற்றி எழுதிய கடைசித் தாள், அதிலும் நாசரேத்து. இதை யோசித்தபோது முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது, பாருங்கள், கடவுளுக்கே ஊர்க் கட்டத்தைத் தப்பாகத்தான் எழுதினார்கள் என்று. இப்போது ஆறுதலாக இல்லை. அவர் பேசாமல் இருந்தார், சரி, அவர் எல்லாவற்றையும் மீட்க வந்தவர், அவருக்கு ஒரு கணக்கு. ஆறு நாள் பிள்ளைக்கு அந்தப் பொறுமை எதற்கு. எங்களுக்கு எப்போதும் அந்தப் பொறுமையைத்தான் பிரசங்கம் பண்ணுகிறார்கள். இல்லை, நான் சொல்வேன். மூன்று வாக்கியம் தயாராக இருக்கிறது, பஸ்ஸில் வரும்போதே செதுக்கிவிட்டேன். முதல் வாக்கியம் மரியாதையாக. இரண்டாவதில் ஆசுபத்திரிச் சீட்டு. மூன்றாவதில் சட்டம். நாற்பத்தொன்று. மூன்றாவதை முதலில் சொன்னால் என்ன. கூடாது, சட்டம் என்ற சொல்லைக் கேட்டால் முகம் மாறிவிடும். முதல் வாக்கியம் என்ன. மரியாதையாக என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அண்ணி கையை நீட்டுகிறாள், பிள்ளையைக் கேட்டு. கொடுக்கிறேன். தோள் திடீரென்று காலியாகிக் குளிர்கிறது. அண்ணி எட்டு வயதில் வந்தவள், இரண்டாயிரத்து ஆறில். நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் படகுக்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஒரு முழுப் பகல் அங்கே இருந்தார்களாம், நிழல் இல்லை, தண்ணீர் ஏற ஏறத் திட்டு சிறுத்துக்கொண்டே போயிற்றாம், அவளுடைய அம்மா அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாளாம். ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் ஏதோ மீன் குழம்பு வைப்பதைச் சொல்வது போல. அவளுக்கு அதிகம் பேச வராது என்று நாங்கள் எல்லோரும் முடிவுசெய்து வைத்திருக்கிறோம். வீட்டில் சண்டை போடுவது நான், சமாதானம் செய்வது அம்மா, அண்ணி பாத்திரம் கழுவுவாள். நாற்பத்திரண்டு. சலேத் அக்கா கூடையை எடுத்துக்கொள்கிறாள். “பிள்ளை எமி, உன்ர மூஞ்சையைப் பாத்தால் பயமாக் கிடக்கு. போய்க் கதைச்சுக் கிதைச்சுப் போடாதை. எழுதுறதை எழுதட்டும்.” அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்போதிலிருந்து தெரியும். ஒருவேளை நான் பஸ்ஸைவிட்டு இறங்கிய நேரத்திலிருந்தே.

நாற்பத்து நான்கு. மேசைக்குப் போகிறோம். அண்ணி பிள்ளையோடு, அம்மா சீட்டோடு, நான் மூன்று வாக்கியங்களோடு. சார் பழைய பதிவேட்டை ஒரு பக்கம் விரித்து வைத்திருக்கிறார், புதியது இன்னொரு பக்கம், பார்த்துப் பார்த்து எழுதுகிறார். தலைகீழாக என் வரி தெரிகிறது. எமிலின், சொந்த ஊர் பேசாலை, வந்த நாள் என்ற கட்டத்தில் நான் பிறந்த தேதி. பிறந்த அன்றைக்கே வந்து சேர்ந்தவள். அம்மா, டிக். நான், டிக். அண்ணாவின் சீட்டை விரித்துப் பார்த்து ஒரு வட்டம். அண்ணி, டிக். “குழந்தை பேரு?” யூட் டிலக்சன் என்கிறாள் அம்மா. “டிலக்சன், அதென்னம்மா பேரு, சரி.” எழுதுகிறார். பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. கேட்கவில்லை. அவர் கேட்பார் என்றுதான் நான் வாக்கியங்கள் செதுக்கினேன், கேட்கவே இல்லை, கண் மேலே அண்ணியின் வரிக்குப் போய் அங்கேயிருந்து அப்படியே கீழே இறங்குகிறது, பே என்று எழுதியாயிற்று. சார் என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாவின் பிடி இறுகுகிறது. சார், அது இல்லை என்கிறேன், இப்போது கேட்கிறது. சார் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். “எது இல்ல?” ஊர் இல்லை சார். “பின்ன?” மதுரை, ஆசுபத்திரிச் சீட்டு, அதாவது சட்டப்படி, இல்லை, முதலில், வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன, எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை, பேராசிரியரை வாயடைக்க வைத்த வாய் இது, சாமியாரைச் சிரிக்க வைத்த வாய். “அம்மா ஊர்தான்மா பிள்ளைக்கும் போடறது. எல்லாருக்கும் அப்படித்தான் போட்டிருக்கு, உனக்கும் அப்படித்தான். இது முகாம் பதிவேடு. எங்கிருந்து வந்ததுன்னு ஒண்ணு எழுதணும்ல?” கோபம் இல்லை இப்போதும். பேனா பே என்ற எழுத்தின் மேலேயே நிற்கிறது, மை ஒரு புள்ளியாகக் கசிந்து பெரிதாகிறது. அப்போது எனக்குப் பக்கத்தில் அண்ணி பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறாள். காலியான கையை மேசையின் விளிம்பில், பதிவேட்டுக்குப் பக்கத்தில், ஊன்றிக்கொள்கிறாள், வலிக்காகத்தான் ஊன்றுகிறாள், ஆனால் சார் அந்தக் கையைப் பார்க்கிறார், நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். அவள் குரல் உயரவில்லை. மீன் குழம்பு வைப்பதைச் சொல்வது போலத்தான் சொல்கிறாள்.

“கடல் தாண்டி வந்தது நான், சேர். இவன் ஆசுபத்திரியிலயிருந்து ஓட்டோவில வந்தவன். அதை எழுதுங்கோ.”